இரண்டு ஆக்சலாட்டலுக்கு எந்தத் தொட்டி?

கேள்வி: மகள் ஆசைப்பட்டதால் இரண்டு ஆக்சலாட்டல் வாங்கப்போகிறோம். ஒன்று 14 செ.மீ., மற்றது 9 செ.மீ. கடைக்காரர் 2 அடி நீளத்தில் உயரமான தொட்டி ஒன்றைக் காட்டி, சின்ன விசிறி மாட்டினால் போதும் என்கிறார். வாங்கலாமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அந்தத் தொட்டி வேண்டாம் அம்மா. ஆக்சலாட்டல் தண்ணீருக்குள்ளேயே வாழும் சாலமாண்டர் வகை; பெரும்பாலும் தொட்டியின் அடித்தரையிலேயே நடந்து திரியும் பிராணி. வளர்ந்தால் 20 முதல் 30 செ.மீ. வரை வரும். அதற்கு உயரம் வீண், தரைப்பரப்புதான் தேவை. இரண்டுக்கு 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டி வாங்குங்கள். 38 செ.மீ. வரை நிரப்பினால் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தாண்டும் என்பதால், அபார்ட்மெண்டில் நடுஹாலை விட்டுச் சுவரோரம் வையுங்கள்.

ஆனால் தொட்டிக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த இந்தப் பிராணிக்கு 16 முதல் 18 டிகிரிதான் சுகம். 24-ஐத் தாண்டினால் சாப்பாடு குறையும், தோலில் பஞ்சுபோல் பூஞ்சை படரும். கோலாலம்பூரில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாகவே 28, 29-இல் நிற்கும். விசிறி தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரண்டு மூன்று டிகிரி குறைவதே பெரிது. ஆகவே சில்லர் வாங்க முடியாவிட்டால் ஆக்சலாட்டலே வேண்டாம் என்பதுதான் எங்கள் நேர்மையான பதில். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். 30 டிகிரி அறையில் 150 லிட்டரை 17-க்கு இறக்குமா என்று கேட்டு, ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். அது வெளியே விடும் சூடு போக இடம் வேண்டும். கேபினெட்டுக்குள் அடைத்தால் அதுவே திணறும்.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை. 17 டிகிரித் தண்ணீர் உள்ள கண்ணாடி நம் வீட்டில் நாள் முழுக்க வியர்க்கும். சொட்டுகிற தண்ணீரில் பலகை ஸ்டாண்ட் ஊறி உப்பிவிடும். பின்பக்கம், பக்கவாட்டு, அடி எல்லாவற்றிலும் ஒரு அங்குல ஃபோம் பலகை ஒட்டுங்கள். ஸ்டாண்ட் இரும்பாக இருப்பது நல்லது. சில்லருக்கும் வேலை குறையும்.

9 செ.மீ. குட்டியைப் பெரியதோடு விடவே கூடாது. எதிரே அசைவது எதுவானாலும் கவ்வும் இனம் இது. கால், செவுள் இழை என்று கடித்துவிடும். கால் மறுபடி முளைக்கும் என்றாலும் காயம் சீழ்பிடித்தால் உயிருக்கே ஆபத்து. தொட்டியின் நடுவே சிறு துளைகள் போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்து, இரண்டும் 15 செ.மீ. தாண்டி ஒரே அளவுக்கு வந்த பிறகு எடுங்கள். ஆண், பெண் என்று தெரிந்தால் மறுபடி பிரித்துவிடுங்கள். பெண் ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும்; ஓய்வில்லாமல் இட்டால் நலிந்துபோகும்.

ஃபில்டரின் தண்ணீர் சுவரில் மோதி மெல்ல இறங்கும்படி ஸ்பிரே பைப்பைத் திருப்பி வையுங்கள். செவுள் இழைகள் முன்பக்கம் வளைந்து, வால்நுனி சுருண்டிருந்தால் பெரும்பாலும் நீரோட்டம் அதிகம் என்று அர்த்தம். ஒளிய 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள் மூன்று போடுங்கள். மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழும். குளோரின் நீக்கிய தண்ணீரில் பிராணி இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா ஊற்றிப் பழக்க, அதாவது கழிவில் வரும் அம்மோனியாவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்க்க, நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஊற்றிய அம்மோனியா ஒரே நாளில் மறைந்து, சோதனையில் அம்மோனியாவும் அது மாறி உருவாகும் நைட்ரைட்டும் 0 காட்டிய பிறகுதான் கடைக்குப் போய் அவற்றை எடுத்து வரலாம்.

கேள்வி: தொட்டியில் சரளைக்கல் போட்டிருக்கிறேன். ஆக்சலாட்டல் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, மேலே மிதக்கிறது.
- வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: இரையை உறிஞ்சும்போது கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்திருக்கலாம். தண்ணீர் கெட்டாலும் மிதக்கும், அதனால் முதலில் அம்மோனியாவைச் சோதியுங்கள். குளோரின் நீக்கிய குளிர்ந்த தண்ணீர் உள்ள வாளிக்கு மாற்றி, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். கல் முழுவதையும் அள்ளிவிடுங்கள். வெறும் கண்ணாடித் தரையே போதும். மணல் வேண்டுமென்றால் பிராணி 15 செ.மீ. தாண்டிய பிறகு, 1 மி.மீ.க்கும் குறைந்த பொடிமணலாகப் போடுங்கள்.