நாய் பூனைக்கு எந்த சீப்பு, எந்த ஷாம்பு: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

முதல்ல ஒண்ட சொல்லிர்றன், நான் மிருக டொக்டர் இல்ல. மட்டக்களப்பு கல்லடியில வீட்டோட நாய் பூனைகளுக்கு முழுக வாத்து மயிர் வெட்டி விடுற வேலதான் செய்யிறன். புண், வருத்தம், சாப்பிடாமக் கிடக்குது எண்டா டொக்டர்ட்ட கொண்டு போங்க. கேள்வி அனுப்பின ஆக்கள்ல முக்காவாசிப் பேர் எந்த ஷாம்பு நல்லம் எண்டுதான் கேட்டிருக்கீங்க. எனக்கெண்டா சீப்புத்தான் முதல், மறுகா எப்பிடிக் காய வைக்கிறது, ஷாம்பு கடைசிதான். ஏன் எண்டு கீழ வாசிக்கக்குள்ள விளங்கும்.

கேள்வி (ஆரையம்பதி): அக்கா எங்கட பொமரேனியன் வெள்ள நிறம். கிழமைக்கு ரெண்டு மூண்டு தரம் நாங்க போடுற ஷாம்புவாலயே முழுக வாக்கிறம், எண்டாலும் அடுத்த நாளே ஒரு ஈர நாத்தம் அடிக்குது. நல்ல வாசம் நிக்கிற ஷாம்பு ஒண்டு சொல்லுங்க.

பதில்: தங்கச்சி, வாசத்தால அந்த நாத்தத்த மூடலாம், போக்க ஏலாது. அவன்ட முதுகு மயிர விரலால பிரிச்சுப் பாருங்க, மேல நீளமான கொஞ்சம் முரட்டு மயிர் ஒண்டும் அடியில மெதுவான நெருக்கமான மயிர் ஒண்டும் இருக்கும், இதத்தான் டபுள் கோட் எண்டு சொல்றது. மேல் மயிர் அர மணித்தியாலத்துல காஞ்சிரும், அடி மயிர் காயாது, நம்மட ஊர்ப் புழுக்கத்துல அந்த ஈரத்துக்குள்ள ஈஸ்ட் பங்கசு வளந்துதான் மணக்குது. நீங்க கூடக் கூட முழுக வாக்க நாத்தமும் கூடுறது அதாலதான். மறுகா மனுசன்ட ஷாம்பு. நம்மட தோல்ட பிஎச் அஞ்சர மட்டில, நாயிட தோல் ஏழுக்குக் கிட்ட, அதோட நம்மடய விட மெல்லிசு. நம்மட ஷாம்பு அதுர எண்ணெயக் கழுவி எடுத்துரும், தோல் வரண்டு சொறியத் துவங்கும்.

மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா முழுக வாத்தாப் போதும். முழுக வாக்க முதல் ஸ்லிக்கர் பிரஷ்ஷால, அதான் வளஞ்ச மெல்லிய கம்பி வச்ச பிரஷ், நல்லா வாரி உதிர்ற மயிர எடுத்துருங்க. முழுகின பிறகு துவாயால தேய்க்காம அமத்தி அமத்தி ஈரத்த எடுத்து, ஃபேனுக்கு முன்னால நிப்பாட்டி சீப்பால மயிரப் பிரிச்சுப் பிரிச்சு அடி காயுமட்டும் விடாதீங்க. ஹெயார் ட்ரையர் எண்டா சூடு இல்லாத காத்துல மட்டும். வெள்ள நாய்க்கெண்டு விக்கிற ஷாம்புல கூடவா ஒரு நீலச் சாயந்தான் கிடக்கும், மஞ்சள் தெரியாமக் காட்டும், அது பரவாயில்ல. கண்ணுக்குக் கீழ உள்ள செம்படைய வெள்ளையாக்குறன் எண்டு பெரோக்சைட் மட்டும் பூசப் போகாதீங்க.

கேள்வி (சம்மாந்துறை): அக்கா, கச்சான் காத்து அடிக்கிற வெக்கக் காலத்துல எங்கட ஜேர்மன் ஷெப்பர்ட் நாக்க வெளில போட்டுட்டே கிடக்கான். பாவமா இருக்கு, முழுசா மொட்ட அடிச்சு விட்டா என்ன?

பதில்: வேணாம் நானா. நாய் நம்மளப் போல உடம்பெல்லாம் வேர்த்துச் சூட்டக் குறைக்கிறதில்ல, நாக்க நீட்டி மூச்செறிஞ்சுதான் குறைக்கும், அதப் பாத்துப் பயப்படத் தேவல்ல. மேல் மயிர் வெயில நேரடியாத் தோல்ல பட விடாது. வழிச்சு விட்டா தோல் வெந்து போகும், டபுள் கோட் இனங்களுக்கு மறுகா மயிர் ஒழுங்கா முளைக்காமத் திட்டுத் திட்டா நிக்கிறதும் இருக்கு, பொமரேனியனுக்கும் ஹஸ்கிக்கும் இது கூட. உங்களுக்குத் தேவ மெசின் இல்ல, அண்டர்கோட் ரேக் எண்டு கேட்டு வாங்குங்க, பல்லு நீளமா இடைவெளி விட்டு இருக்கும். கிழமைல ரெண்டு தரம் இழுங்க, ஒரு பை நிறைய அடி மயிர் வரும், அது போனாத்தான் காத்து உள்ளுக்க போகும். பல்லுக்க பிளேட் வச்ச, உதிர்ற மயிர எடுக்கிற டிஷெடிங் சாமான் ஒண்டும் விக்கிறாங்க, அத அமத்தி இழுத்தா மேல் மயிரயும் வெட்டிரும், கை பாரமான ஆக்கள் ரேக்கோட நிக்கிறது நல்லம். மத்தப்படி நிழலும் தண்ணியும், மத்தியானத்துல தார் ரோட்டுல நடத்தாம விடுறதும். மூச்செறிஞ்சு வீணி வழிஞ்சு தள்ளாடினா அது வேற கத, உடன தண்ணிய ஊத்திக்கொண்டு டொக்டர்ட்ட ஓடுங்க.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அவரிட ஷெப்பர்டுக்கு வெட்ட வேணாம் எண்டா எங்கட ஷிட்சுவுக்கும் வெட்டக் கூடாதா அக்கா? காதுக்குப் பின்னால, கைக்குக் கீழயெல்லாம் முடிச்சு முடிச்சாக் கிடக்கு. முழுக வாத்து எடுப்பம் எண்டு பாத்தா இன்னும் இறுகிட்டு.

பதில்: ஷிட்சு வேற. இந்த மயிர் நம்மட தலமயிர் போல வளந்துகொண்டே போகும், லாசா, மால்டீஸ், பூடில் எல்லாம் இந்தக் கூட்டம். இதுகளுக்கு வெட்டத்தான் வேணும். ஒரு இஞ்ச் அளவு விட்டு உடம்பு பூரா வெட்டி விடுங்க, நம்மட வெக்கைக்கு அதுதான் சுகம். படத்துல பாக்கிற மாதிரி நிலத்துல இழுபடுற நீட்டு மயிர் வேணுமெண்டா ஒவ்வொரு நாளும் சீப்போட இருக்க நேரம் வேணும், நேரம் இல்லாட்டி அந்த ஆசைய விட்டுருங்க.

முடிச்ச ஒரு நாளும் ஈரத்துல எடுக்கப் போகாதீங்க, தண்ணி பட்டாச் சுருங்கி இறுகும், அதுதான் உங்களுக்கு நடந்தது. காஞ்சிருக்கக்குள்ள கொஞ்சம் சோளமாவத் தூவி, விரலால நுனியில இருந்து பிரிச்சு, மறுகா ஸ்டீல் சீப்பு. முடிச்சுக்கும் தோலுக்கும் நடுவால ஒரு கையால மயிர இறுக்கிப் பிடிச்சா அதுக்கு நோகாது. கத்திரிக்கோலால அடியில வெட்டாதீங்க, தோலும் முடிச்சோட சேந்து மேல எழும்பித்தான் நிக்கும், தோல வெட்டிப்போட்டுக் கொண்டு வந்த ஆக்கள நான் கண்டிருக்கன். பிரிக்க ஏலாத முடிச்சு எண்டா மெசினால எடுக்கிறதுதான் வழி. கொண்டிஷனர் கட்டாயம் வேண்டிய நாய் எண்டா இதுதான், நாய்க்கெண்டு உள்ளத வாங்கி நல்லா அலசி எடுங்க. ஷாம்புவும் கொண்டிஷனரும் ஒண்டாக் கலந்து ஒரு போத்தல்ல வாறது எனக்குப் புடிக்கல்ல, ரெண்டு வேலையும் அரகுறையாத்தான் செய்யிது.

கேள்வி (காத்தான்குடி): ஸலாம் அக்கா, எங்கட வீட்டுல பேர்சியன் பூன. ஒன்லைன்ல ஒரு பிரிஸில் பிரஷ் பாத்தன், அது பண்டி மயிர்ல செஞ்சது எண்டு ஒராள் சொன்னார், மெய்யா? பூனைக்கு வேற என்ன வாங்கலாம்?

பதில்: வஅலைக்கும் ஸலாம் நானா. மெய்தான், எல்லாம் இல்ல, ஆனா லேபல்ல போர் பிரிஸில் எண்டு கிடந்தா அது பண்டி மயிர், நெச்சுரல் பிரிஸில் எண்டு மட்டும் போட்டிருக்கிறதும் கூடவா அதுதான். நைலோன், ரப்பர், ஸ்டீல் எல்லாத்துலயும் சாமான் இருக்கு, அதால கவலப்படாதீங்க. இன்னொண்டு, அந்த மாதிரி பிரஷ் பேர்சியனுக்கு எப்பிடியும் சரிவராது, மேலால மினுக்கி விடும், அடியில முடிச்சு அப்பிடியே கிடக்கும். ஒரு பக்கம் பல்லு அகலமாவும் மத்தப் பக்கம் நெருக்கமாவும் உள்ள ஸ்டீல் சீப்பு ஒண்டு போதும். ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிசம், வயிறு, கைக்குக் கீழ, பின்தொட. வாராம விட்டா அது நக்கி விழுங்கிற மயிர் வயித்துல உருண்டயாகி சத்தி எடுக்கும்.

பூன தன்னத்தானே நக்கிச் சுத்தம் பண்ற சீவன் எண்டதால அதுர மேல பூசுற எதுவும் வயித்துக்குள்ள போகும். முகத்துக்குப் போடுற பவுடர், வாசம் அடிக்கிற ஸ்ப்ரே, டீ ட்ரீ ஒயில் ஒண்டும் வேணாம். டெட்டோல் மாதிரி கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு, தண்ணி கலந்தாலும் போடாதீங்க. எல்லாத்தயும் விட முக்கியம், நாய்க்கு விக்கிற உண்ணி மருந்துகள்ல பேர்மெத்ரின் எண்டு ஒண்டு இருக்கும், பூனைக்குப் பட்டா வலிப்பு வந்து செத்துரும். நாயும் பூனையும் ஒண்டா வளக்கிற ஆக்கள் நாய்க்குப் போட்டாலும் அது காயுமட்டும் பூனையக் கிட்ட விடாதீங்க. லேபல்ல பூனைப் படம் இல்லாட்டி பூனைக்கு இல்ல.

கேள்வி (வாழைச்சேனை): லப்ரடோர், ஞாயிற்றுக்கிழமையில பாசிக்குடாவுல குளிக்க விடுறம். ஒவ்வொரு தரமும் ஷாம்பு போடணுமா?

பதில்: தேவல்ல தம்பி. கடல் உப்பையும் மண்ணையும் நல்ல தண்ணியால அலசி எடுங்க, அது காணும். லப்ரடோர்ட மயிர்ல தண்ணி ஒட்டாத ஒரு எண்ணெய்ப் பிடிப்பு இருக்கு, கிழமைக்குக் கிழம ஷாம்பு போட்டா அதக் கழுவிருவீங்க. பாக்க வேண்டியது காது, மடிஞ்ச காதுக்குள்ள ஈரம் நிண்டா சீழ் கட்டும், பஞ்சால துடைங்க, குச்சி விடாதீங்க. வாவியில குளிக்கிற நாய்க்கும் இதேதான். இதுக்கு ரப்பர்ப் பல்லு வச்ச பிரஷ் ஒண்டும் ரேக்கும் போதும். கடல் தண்ணி குடிக்க விடாதீங்க, வயித்தால போகும்.

கேள்வி (திருக்கோவில்): உண்ணிக்கு மூண்டு வித ஷாம்பு போட்டும் குறையல்ல. எது உண்மையா வேல செய்யும்?

பதில்: உண்ணி ஷாம்பு அண்டைக்கு உடம்புல உள்ளதத்தான் கொல்லும், கழுவி விட்டா அதுர வேல முடிஞ்சிது. நம்மட நாய்கள்ல ஏறுற மண்ணிற உண்ணி ரெத்தத்தக் குடிச்சு ஊதினாப் பிறகு இறங்கிப் போய் சுவர் வெடிப்புலயும் கூட்டுட மூலையிலயும் ஆயிரக்கணக்குல முட்ட இடும். நீங்க ஷாம்புவ மாத்தி மாத்திப் போட, சுவருக்குள்ள இருந்து புதுசு வந்துகொண்டே இருக்கும். காசக் கொண்டு போய் டொக்டர்ட்ட நாயிட பாரத்தச் சொல்லி, ஒரு மாசத்துக்கோ மூண்டு மாசத்துக்கோ நிக்கிற குளிசய வாங்குங்க, இல்லாட்டி பிடரில விடுற மருந்து. பிடரி மருந்து எண்டா முழுக வாத்து ரெண்டு நாள் கழிச்சு விடுங்க, விட்டு ரெண்டு நாளைக்கு முழுக வாக்காதீங்க, தோல்ட எண்ணெயிலதான் அது பரவும். தண்ணில கலந்து பூசுற அமிட்ராஸ் மருந்து எண்டா சொன்ன அளவுக்கு மேல ஒரு சொட்டும் கூட்டாம, கையுற போட்டு, காத்தோட்டமான இடத்துல, பூனைக்கு ஒருக்காலும் இல்ல. கூட்ட வெளியாக்கி வெடிப்புகள சீமெந்தால அடைங்க. நாய் சோந்து பல்லு முரசு வெளிறிக் கிடந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கும், ஷாம்பு பாத்துக்கொண்டு நிக்கிற நேரம் இல்ல அது.

கேள்வி (செங்கலடி): எங்கட ஊர் நாய்க்கு மயிர் கொட்டிச் சொறி. கழிச்ச எஞ்சின் ஒயில் பூசினா சுகமாகும் எண்டு எல்லாரும் சொல்றாங்க.

பதில்: பூசாதீங்க அண்ணா, நக்கினா ஈரல் சிறுநீரகம் எல்லாம் கெட்டுப் போகும், தோலும் வேகும். சொறி எல்லாம் ஒரே சொறி இல்ல. தோலுக்குள்ள இருக்கிற சிற்றுண்ணியா, பங்கசா, தெள்ளுக் கடியா எண்டு டொக்டர் தோலச் சுரண்டிப் பாத்தாத்தான் தெரியும், சிலது வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். வட்டமா மயிர் போயிருந்தா படர்தாமரையா இருக்கலாம், அதுவும் மனுசருக்கு வரும். டொக்டர் குளோர்ஹெக்சிடின், கீட்டோகொனசோல் உள்ள ஷாம்பு எழுதித் தந்தா நுர போட்ட கையோட கழுவாதீங்க, பத்து நிமிசம் ஊற விடணும். கன பேர் மருந்து பிழ எண்டு குற சொல்றது இந்தப் பத்து நிமிசம் விடாமத்தான். சொறி மாறினாப் பிறகு ஊர் நாய்க்குச் செலவு ஒண்டுமில்ல, கட்ட மயிர், ரப்பர் பிரஷ்ஷால தேய்ச்சு மாசத்துக்கு ஒருக்கா முழுக வாத்தாக் காணும். துணி தோய்க்கிற சவுக்காரம் வேணாம், கிணத்துத் தண்ணி சவர் எண்டா சவுக்காரம் திரஞ்சு மயிர்ல ஒட்டி நிக்கும்.

கேள்வி (அக்கரைப்பற்று): தேங்காண்ணெய், வேப்பில அவிச்ச தண்ணி, பேபி ஷாம்பு?

பதில்: தேங்காண்ணெய் வெடிச்ச பாதத்துக்குக் கொஞ்சம் தடவலாம், உடம்பு பூராப் பூசினா மண்தான் ஒட்டும். வேப்பிலத் தண்ணி நாய்க்குக் கடைசி அலசலுக்குச் சரி, உண்ணி போகும் எண்டு நம்பி இருக்காதீங்க, வேப்பெண்ணெயப் பூனைக்குப் பூசாதீங்க. பேபி ஷாம்பு அவசரத்துக்கு ஒரு நாளைக்குப் பரவாயில்ல.

கேள்வி (நிந்தவூர்): முயலுக்கு எந்த ஷாம்பு?

பதில்: ஒண்டும் இல்ல. முயல முழுக வாக்கிறதே இல்ல, பயத்துலயே செத்தும் போகலாம். மெதுவான பிரஷ் மட்டும். நாய்க்கு உண்ணிக்கெண்டு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரேய முயலுக்கு அடிச்சிராதீங்க, நஞ்சு.

கேள்வி (கல்முனை): கடையில பெரிய கேன்ல இருந்து சின்னப் போத்தலுக்கு ஊத்தி லேபல் இல்லாம விக்கிறாங்க, மலிவு. வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டன் தங்கச்சி. நாய்க்கா பூனைக்கா, உண்ணி மருந்து கலந்திருக்கா, எப்ப காலாவதி, ஒண்டும் தெரியாது. மலிவா முடிக்கணும் எண்டா லேபல் உள்ள நல்ல போத்தல் ஒண்ட வாங்கித் தண்ணி கலந்து போடுங்க, சாதாரண ஷாம்பு ஒரு பங்குக்குத் தண்ணி பத்துப் பங்கு, மயிருக்குள்ள நல்லா இறங்கும், அலசவும் லேசு, ஒரு போத்தல் கன நாளைக்கு வரும். மருந்து ஷாம்புவுக்கு இந்தக் கணக்கு இல்ல, லேபல்ல உள்ளபடிதான். கலந்தது அண்டைக்குத் தேவையான அளவு மட்டும், தண்ணி சேந்தா அதுல கிருமி வளரும், மிஞ்சினத வச்சிருக்காம ஊத்திருங்க.