18 ஜிபி கோப்பு நினைவகத்தில் ஏன் 67.8 ஜிபி கேட்கிறது?

உலகம் முழுவதற்குமான வானிலைத் தரவுத் தொகுப்பான எரா5-இலிருந்து (ERA5) ஓராண்டின் மணிவாரி வெப்பநிலைக் கோப்பைப் பெற்றிருக்கிறீர்கள். அது 18 ஜிபிதான். ஆனால் 32 ஜிபி நினைவகமுள்ள கணினியில் ஆண்டுச் சராசரி எடுக்க முயன்றால், 67.8 ஜிபி ஒதுக்க இயலவில்லை என்று சொல்லி, பைதான் மொழியின் எண்கணக்கு நூலகமான நம்பை (NumPy) நின்றுவிடுகிறது. அந்த எண் சரியானதே. நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

எரா5 கட்டத்தில் 721 அட்சரேகைகளும் 1440 தீர்க்கரேகைகளும் உள்ளன. ஆண்டுக்கு 8760 மணி நேரம் என்றால் மொத்தம் சுமார் 909 கோடி மதிப்புகள். உங்கள் கோப்பில் ஒவ்வொரு மதிப்பும் 2 பைட் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. திறக்கும்போது நிரல் அதை ஒரு காரணியால் பெருக்கி, ஒரு மாறிலியைக் கூட்டி, 8 பைட் மிதவைப்புள்ளி எண்ணாக (தசம எண்ணாக) மாற்றுகிறது. ஆகவே 18.2 ஜிபி நான்கு மடங்காகி 72.8 ஜிபி ஆகிறது. 1024-இன் அடுக்குகளில் கணக்கிட்டால் அதுவே 67.8. இதன்மேல் சராசரியைக் கழித்து விலகல் கண்டால், விடைக்கென்று அதே அளவில் இன்னோர் அணி (எண்களின் அட்டவணை) உருவாகும்.

கூடுதல் நினைவகம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எரா5 1940 முதல் கிடைக்கிறது. நாளை 30 ஆண்டுச் சராசரி தேவைப்பட்டால் 2000 ஜிபிக்கு மேல் வேண்டியிருக்கும். மாறாக, ஒரு நாளுக்குரிய 24 மணி நேரத்தை மட்டும் படியுங்கள். அது 200 எம்பிதான். அதைக் கூட்டுத்தொகை அணியில் சேர்த்துவிட்டு அடுத்த நாளுக்குச் செல்லுங்கள். கூட்டுத்தொகை அணிக்கு 8.3 எம்பி போதும். இடம் மிச்சமாகும் என்று அதை 4 பைட் எண்களில் வைத்துவிடாதீர்கள்: 300 கெல்வினை 8760 முறை கூட்டினால் 26 லட்சத்தைத் தாண்டும், அந்த அளவில் 4 பைட் எண்ணால் கால் கெல்வினுக்குக் குறைவான வேறுபாட்டைப் பதிவு செய்யவே முடியாது.

இடைநிலை அளவுக்கு (median, வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) இந்த வழி உதவாது, ஏனெனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆண்டு முழுவதன் மதிப்புகளும் ஒருசேர வேண்டும். அங்கே அட்சரேகை வாரியாக வெட்டுங்கள். ஒரு வரிசைக்குச் சுமார் 100 எம்பி ஆகும். ஆனால் தரவு வட்டில் நேர வரிசைப்படி அடுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் கோப்பு முழுவதையும் துழாவ நேரிடும். பெரிய தரவைத் துண்டு துண்டாகக் கையாளும் பைதான் நூலகங்களான எக்ஸ்அரேயும் (xarray) டாஸ்க்கும் (Dask) துண்டுகளைத் தாமே நிர்வகித்தாலும் இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. எனவே இத்தகைய கணக்குகளை அடிக்கடி செய்வதாக இருந்தால், கோப்பை ஒரே ஒரு முறை, நேரத்தின் திசையில் நீண்ட துண்டுகளாக மாற்றி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.