ஏபிஎம் டூல் வாங்குமுன் மாதக் கடைசி பில்லைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: கோவையில் மருந்து மொத்த விநியோகம் செய்கிறோம். எங்கள் ஆர்டர் போர்ட்டல் ஜாவாவில் எழுதியது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். சாதாரண நாளில் 14 சர்வர் ஓடும், மாதக் கடைசி மூன்று நாள் கிளவுடில் 30 வரை ஏறும். அந்த மூன்று நாளில்தான் "பக்கம் திறக்கவே மாட்டேங்குது" என்று கடைக்காரர்கள் போன் செய்கிறார்கள். அப்ளிகேஷன் எங்கே தாமதமாகிறது என்று கண்காணித்துக் காட்டும் ஏபிஎம் டூல்களில் டேட்டாடாக், டைனாட்ரேஸ், நியூ ரெலிக் மூன்றுக்கும் டெமோ பார்த்தோம். எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: டெமோவில் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் அடிப்படை வேலை மூன்றிலும் ஒன்றுதான். கடைக்காரர் ஒரு பட்டனை அழுத்தியதும் அந்தக் கோரிக்கை எந்தெந்த சர்வர் வழியாகப் போனது, எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்று காட்டுவது. இதற்கு டிரேஸ் என்று பெயர். ஆர்டர் பக்கம் திறக்க ஏழு வினாடி ஆகிறது என்று வையுங்கள். டிரேஸைத் திறந்தால், டேட்டாபேஸிடம் விலையைக் கேட்கும் ஒரே எஸ்க்யூஎல் வரி 312 முறை அடுத்தடுத்து ஓடியிருக்கும். ஒவ்வொன்றும் 20 மில்லிவினாடிதான், தனியாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கூட்டினால் ஆறு வினாடிக்கு மேல். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக விலை கேட்கும்படி யாரோ கோடு எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இதைக் காட்டாத ஏபிஎம் டூல் இன்று சந்தையில் இல்லை என்றே சொல்லலாம். அதனால் வசதிப் பட்டியலை வரிசையாக வைத்து டிக் அடிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். பில் எப்படி ஏறும் என்பதை ஒப்பிடுங்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

டேட்டாடாக் ஹோஸ்ட், அதாவது சர்வர் கணக்கில் பணம் வாங்குகிறது. ஆண்டு ஒப்பந்தப் பட்டியல் விலையில் சர்வர் கண்காணிப்புக்கு 15 டாலர், ஏபிஎம்முக்கு 31 டாலர், ஆக ஹோஸ்டுக்கு மாதம் 46. உங்கள் 14 சர்வருக்கு 644 டாலர். ஆனால் எத்தனை ஹோஸ்ட் என்பதை மணிக்கு மணி எண்ணி, உச்சத்தில் இருக்கும் ஒரு சதவீத மணி நேரத்தை மட்டும் தள்ளிவிட்டு, மிச்சத்தில் எது அதிகமோ அதற்கு முழு மாத விலை போடுவார்கள். 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம், அதில் ஒரு சதவீதம் ஏழு மணி நேரம்தான். நீங்கள் 72 மணி நேரம் 30 சர்வர் ஓட்டுகிறீர்கள். ஆகவே மாதம் முழுவதும் 30 சர்வர் ஓட்டியதாகத்தான் பில் வரும்: 1,380 டாலர். குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு மாத விலை, அதற்கு மேல் போவதற்கு மணிக்கணக்கு என்று இன்னொரு திட்டமும் அவர்களிடம் உண்டு. நீங்களாகவே கேட்டு, விலையை எழுத்தில் வாங்குங்கள்.

டைனாட்ரேஸ் சர்வரின் மெமரியையும் ஓடிய மணி நேரத்தையும் பெருக்குகிறது. 8 ஜிபி சர்வருக்கு மணிக்கு 8 சென்ட். 14 சர்வர் மாதம் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 806 டாலர், மாதக் கடைசியில் கூடும் 16 சர்வருக்கு மூன்று நாள் 92 டாலர், மொத்தம் 900க்குள். சாதாரண மாதத்தில் விலை கூடியதாகத் தெரிந்தது, உங்கள் கணக்கில் மலிவாகிவிட்டது பாருங்கள். இதிலும் ஒரு சிக்கல்: உங்கள் சர்வர்கள் 32 ஜிபி என்றால் அதே பில் நான்கு மடங்கு. ஆண்டுக்கு இவ்வளவு செலவு செய்வோம் என்று முன்கூட்டியே ஒரு தொகைக்கு ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

நியூ ரெலிக் 2020லிருந்து ஹோஸ்டை எண்ணுவதில்லை. அனுப்பும் டேட்டா எத்தனை ஜிபி, முழு வசதியோடு பார்க்கும் ஆட்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. மாதம் 100 ஜிபியும் ஒரு முழுப் பயனரும் இலவசம். டீமில் மூன்று பேர், லாக் (அப்ளிகேஷன் தானாக எழுதும் பதிவு) அளவாக வரும் என்றால் நல்ல பேரம். இருபது பேருக்கு முழு லாகின் வேண்டும், டெவலப்பர்கள் பிழை தேடுவதற்கான விரிவான டீபக் லாக்கை அணைக்காமல் விடுகிறார்கள் என்றால் வேண்டாம்.

விலைகள் மாறக்கூடியவை, கையெழுத்துப் போடும் அன்று சரிபாருங்கள். கூடவே ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக டாலரில் பில் போட்டால் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் அதை நீங்களே கட்டி, பிறகு கிரெடிட் எடுக்க வேண்டியிருக்கும். ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, எதை வாங்குவது? மெமரி 8 ஜிபி அளவில்தான் என்றால் டைனாட்ரேஸ், ஆள் குறைவு என்றால் நியூ ரெலிக். உச்ச எண்ணிக்கைக்கு பில் போடும் திட்டத்தில் டேட்டாடாக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டூல் அருமையானது, அந்தக் கணக்கு முறைதான் உங்கள் வியாபாரத்துக்கு ஒத்துவராது. ட்ரையலை மாதம் 10ஆம் தேதி ஆரம்பித்துப் புண்ணியமில்லை, கடைசி வாரத்தில் வருகிற மாதிரி வாங்குங்கள். அப்போதும் சராசரி நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நூறு ஆர்டரில் 95 எத்தனை வினாடிக்குள் முடிந்தன என்ற எண்ணைப் பாருங்கள், போன் செய்து திட்டுகிறவர்கள் மிச்ச ஐந்தில்தான் இருப்பார்கள்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். டேட்டா சேகரிக்கும் பகுதியை ஓப்பன்டெலிமெட்ரியில் போடுங்கள். 2019இல் இரண்டு திறந்த மூலத் திட்டங்கள் இணைந்து உருவான பொதுத் தரம் இது, மேலே சொன்ன மூன்றும் ஏற்கின்றன. விற்பவரின் சொந்த ஏஜென்ட் (சர்வரில் நிறுவும் சேகரிப்பு மென்பொருள்) தரும் சில தானியங்கி வசதிகள் இதில் குறையும், உண்மைதான். ஆனால் ரெனியூவலில் விலையை ஏற்றினால் கோடில் கை வைக்காமல் வேறு இடத்துக்கு மாறலாம். அந்த வசதி கையில் இருப்பவருக்குத்தான் பேரம் படியும். கடைக்காரர்களின் போன் எண், முகவரி எல்லாம் யூஆர்எல் வழியாக டிரேஸுக்குள் போகாமல் மறைக்கச் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, டேட்டாவைக் கையாள வேறு நிறுவனத்திடம் கொடுத்தாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

கேள்வி: டாலர் பில் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இலவசமாக எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. சிக்நோஸ், அப்பாச்சி ஸ்கைவாக்கிங் இரண்டையும் சொந்த சர்வரில் நிறுவலாம், லைசென்ஸ் செலவில்லை. ஆனால் சிக்நோஸின் டேட்டா கிளிக்ஹவுஸ் என்ற டேட்டாபேஸில் சேரும். அது நிரம்பினால் இரவில் எழுந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் தாராளமாக இறங்குங்கள். இல்லையென்றால் ஜோஹோவின் சைட்24எக்ஸ்7, அல்லது உங்கள் சர்வரிலேயே நிறுவும் மேனேஜ்எஞ்சின் அப்ளிகேஷன்ஸ் மேனேஜர் இரண்டையும் விசாரியுங்கள். பெரிய மூன்றின் ஆழம் எல்லா இடத்திலும் இருக்காது, சிறிய நிறுவனத்துக்குப் போதும்.

கேள்வி: ஒரு நிறுவனத்திடம் ஓராண்டுப் பணத்தை முன்பணமாகக் கட்டிவிட்டோம். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதிய எங்கள் பழைய அப்ளிகேஷனில் டூல் வேலை செய்யவில்லை. "சப்போர்ட் உண்டு" என்று டெமோவில் வாயால் சொன்னார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: கஷ்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு விலக்கு உண்டு, நிறுவனமாக வாங்கிய உங்களுக்கு அது பொருந்தாது. முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று இருந்தால் அந்த வழிதான். எந்த ஊர் சட்டம் என்ற இடத்தில் கலிஃபோர்னியா, நியூயார்க் என்று இருந்தால் இங்கே வழக்குப் போடுவதே பெரும்பாடு. இந்திய நீதிமன்றம் என்றிருந்து, தொகை 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் வணிக நீதிமன்றம் போகலாம். அவசரத் தடை எதுவும் கேட்காத வழக்கு என்றால் அதற்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். டெமோவுக்கு முன்னும் பின்னும் வந்த மெயில்கள், வாட்ஸ்அப் செய்திகளை எடுத்து வையுங்கள். "டாட்நெட்டில் வேலை செய்யும்" என்று ஒரு வரி எங்காவது இருந்தால் வக்கீல் நோட்டீஸுக்கு அதுவே ஆதாரம். நோட்டீஸ் போனதும் பணத்தைத் திருப்பவோ வேறு சேவையில் வரவு வைக்கவோ இறங்கி வருகிறவர்கள் உண்டு. எதைக் கேட்பது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு பேசுங்கள்.