ரயிலை விடுங்கள், அந்தப் படிவத்தைப் பாருங்கள்

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க்கில் ராண்ட்பர்க் பகுதியில் பல வருடமாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். கவ்ட்ரெயின் என்ற அதிவேக ரயிலின் புதிய நீட்டிப்புப் பாதை எங்கள் மனையின் பின்பக்கம் வழியாகப் போகலாம், ஒரு துண்டு நிலம் எடுக்கப்படலாம் என்று என் பெயருக்கே கடிதம் வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எங்கள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை. நாங்கள் வளர்த்த மாதுளையும் கறிவேப்பிலையும் போய்விடுமே என்று மனைவிக்குத் தூக்கமே இல்லை. திட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாமா? ரயில் இரைச்சலுக்கு நஷ்டஈடு உண்டா? இதற்கிடையே மைத்துனர் பேச்சைக் கேட்டு வீட்டை விற்க ஒப்பந்தம் போட்டுவிட்டோம். பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. வீட்டில் என்ன குறை, சிக்கல் என்று கேட்டு ஏஜென்ட் கொடுத்த படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடைசி வரிதான். ரயில் வர வருடக்கணக்கில் ஆகலாம், வராமலே போகலாம். அந்தப் படிவம் அடுத்த மாதமே உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம்.

முதலில் நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மரியாதை கிடைக்கவில்லை என்பது வழக்காகாது. கருத்துச் சொல்ல நியாயமான வாய்ப்பே தரவில்லை என்றால்தான் அரசின் முடிவைக் கோர்ட்டின் மறுபரிசீலனைக்குக் கொண்டுபோக முடியும். அதற்கும் 180 நாள் கெடு உண்டு. முதல் கவ்ட்ரெயின் வந்தபோது பிரிட்டோரியாவில் மக்கிள்நியூக், லூகாஸ்ரண்ட் பகுதிகளின் குடியிருப்போர் சங்கமே வழக்குக்குப் போனது. 2011 முதல் ரயில் பிரிட்டோரியா வழியாக ஹாட்ஃபீல்டு வரை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரைச்சலைப் பொறுத்தவரை, உங்கள் மனையில் ஒரு அடிகூட எடுக்காமல் பக்கத்தில் ரயில் போனால் பெரும்பாலும் ஒரு ராண்ட்கூடக் கிடைக்காது. துண்டு நிலம் எடுத்தால் சந்தை விலையும், அதனால் நேர்ந்த நேரடிப் பண நஷ்டமும் கேட்கலாம். மாதுளை மரத்தின் மேல் உள்ள பாசத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டப்படி, விற்பவர் கையெழுத்திட்ட அந்தப் படிவம் இல்லாமல் ஏஜென்ட் உங்கள் வீட்டை விற்க எடுத்துக்கொள்ளவே கூடாது. அது விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்ந்த காகிதம். அந்தப் பக்கத்தை எடுத்து மறுபடி படியுங்கள். எல்லைத் தகராறு, ஆக்கிரமிப்பு, சொத்தின் மேல் உள்ள வில்லங்கம் பற்றி ஒரு கேள்வி இருக்கும். பின்பக்க நிலத்தை எடுக்கலாம் என்ற கடிதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அங்கே ‘இல்லை’ என்று குறித்திருக்கிறீர்கள்.

உங்கள் மைத்துனர் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று சொல்லியிருப்பார். உள்ளது உள்ளபடி விற்றோம், அப்புறம் வாங்கியவர் பாடு என்று. விற்பவருக்கே தெரியாத குறைக்கு அந்த வாசகம் காவல். தெரிந்து மறைத்தவருக்கு அது உதவாது. பாதை வரைபடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, வாங்குபவரே விசாரித்திருக்கலாமே என்று வாதாட இடம் இருக்கிறது. அதை நானே கோர்ட்டில் நின்று சொல்ல முடியும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் பெயரும் மனை எண்ணும் போட்ட அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினால், அதற்குப் பிறகு என் வாதம் எடுபடாது.

என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் இதே இடத்தில்தான். பெயர் மாறிவிட்டது, பணம் வந்துவிட்டது, இனி யார் கேட்பார் என்று இருந்துவிடுகிறார்கள். வாங்கியவர் பின்னால் ஒரு அறை கட்ட வரைபடம் கொடுப்பார், மாநகராட்சியில் ரயில் பாதையைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். பாதைக்குக் குறித்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதற்குக் கவ்டெங் மாகாணத்தின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அன்றைக்குத்தான் அவருக்கு விஷயம் தெரியும். வழக்குப் போட உள்ள மூன்று வருடக் கெடு பொதுவாக அவருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும், விற்ற நாளிலிருந்து அல்ல. அதற்குள் உங்கள் பணம் வங்கியின் வீட்டுக் கடனுக்கும் புது டவுன்ஹவுசுக்கும் போயிருக்கும். விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடு, இல்லை வீட்டையே திரும்ப எடுத்துக்கொள் என்று அவர் கேட்டால், ஓய்வு காலத்தில் எங்கே போவீர்கள்? இந்த மாதிரி வழக்கில் ஜெயித்தவர்கூடச் செலவுக்குப் பாதியைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறார்.

அதனால் வழக்கு வேண்டாம், சமரசம் பேசுங்கள். பெயர் மாறுவதற்கு முன்பே பேசுங்கள். இந்த வாரமே கன்வேயன்சர் (பெயர் மாற்றத்தைக் கவனிக்கும் வக்கீல்) மூலமாக அந்தக் கடிதத்தின் நகலை வாங்குபவருக்கு அனுப்புங்கள். படிவத்தைத் திருத்தி, இருவரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். ஏஜென்டிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அவர் ‘நான் பார்த்துக்கிறேன்’ என்று சொன்னதைப் பின்னால் நிரூபிக்க முடியாது.

அவர் விலையைக் குறைக்கச் சொல்வார், குறையுங்கள். பேரத்தில் உங்கள் பக்கமும் ஒன்று உண்டு: நிலத்தை எடுக்கும் நாளில் யார் உரிமையாளரோ அவருக்குத்தான் இழப்பீடு. அதாவது அந்தத் துண்டுக்கான பணம் நாளைக்கு அவர் கைக்குத்தான் வரும். அதை மதிப்பிடும்போது ரயில் திட்டத்தால் விழுந்த விலையைக் கழிக்க மாட்டார்கள், திட்டமே இல்லாதது போலத்தான் கணக்குப் போடுவார்கள். இதை எடுத்துச் சொன்னால் பாதி விலைக்குக் கேட்கிறவர்கூட இறங்கி வருவார். என்ன ஒத்துக்கொண்டாலும், ரயில் பாதை பற்றி அவருக்குத் தெரியும், இதன் பேரில் இனி உரிமை கோரமாட்டார் என்ற வாசகம் எழுத்தில் வர வேண்டும்.

வேண்டாம் என்று அவர் விலகினால் முன்பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், இழுத்தடிக்காதீர்கள். ஏஜென்ட் கமிஷன் கேட்டு நிற்பார். அவரோடு போட்ட ஒப்பந்தத்தைப் படிக்காமல் அவருக்கு எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள், அந்தக் காகிதத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள்.