“என் கிருபை உனக்குப்போதும்”: வேத வகுப்புக் கேள்விகளும் பதில்களும்

ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடக்கும் வேத வகுப்பில், கிருபையைப் பற்றிக் கேள்விகளை எழுதித் தரச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

ஐயா, புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் “என் கிருபை உனக்குப்போதும்” என்று இருந்தது. இந்த ஆண்டு மகளுக்கு வரன் அமைந்துவிடும் என்று நம்பினேன். எட்டு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. வசனம் பொய்யாகுமா?

அம்மா, வசனம் பொய்யாகவில்லை. அது எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பதை அச்சிட அட்டையில் இடம் இல்லை, அவ்வளவுதான். 2 கொரிந்தியர் 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அதை எழுதிய அப்போஸ்தலன் பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. கண் நோய் என்பார்கள், வலிப்பு என்பார்கள். எல்லாம் ஊகம், பவுல் சொல்லவில்லை. அது நீங்க வேண்டுமென்று மூன்று முறை வேண்டிக்கொண்டார். அதற்கு வந்த பதில்தான் உங்கள் அட்டையில் இருக்கும் வசனம். முள் நீங்கியதாக அவர் எங்குமே எழுதவில்லை. நாம் ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் வாசல் நிலையிலும் ஆசையாக எழுதி வைத்திருப்பது, “நீ கேட்டது இல்லை, நான் இருக்கிறேன்” என்ற பதிலை.

“எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டால் “தேவ கிருபையால் நலம்” என்கிறோம். சம்பளம் உயர்ந்தால், விசா கிடைத்தால் இன்னும் சத்தமாகச் சொல்கிறோம். நலமில்லாத நாளில் அந்தச் சொல் வாயில் வருவதில்லை. பவுலோ அப்படிப்பட்ட நாளில்தான் அதைக் கேட்டார். வரன் தள்ளிப்போவதால் உங்கள் வீட்டில் கிருபை குறைந்துவிட்டது என்று யாராவது ஆறுதல் போலச் சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மகளிடமும் பேசுங்கள். நம் வீட்டிலேயே தன்னைப் பாரமாகப் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்துவிட்டால், அதைவிடப் பெரிய முள் வேறு இல்லை.

அம்மா கத்தோலிக்கர், “அருள்” என்கிறார். திருமணத்துக்குப் பிறகு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட்) சபைக்கு வந்த நான் “கிருபை” என்கிறேன். இரண்டும் ஒன்றா?

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் காரிஸ் என்ற ஒரே சொல்தான். சிக்கல் பழைய ஏற்பாட்டில் இருக்கிறது. 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று வாசிக்கிறோம். அங்கே இருக்கும் எபிரெயச் சொல் ஹெசெட். உடன்படிக்கை செய்துகொண்டவர், மறுபக்கம் வாக்குத் தவறினாலும் கைவிடாமல் பிடித்திருக்கும் அன்பு அது. அம்மா வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அது “பேரன்பு”. அந்த இடத்தில் எனக்கு அம்மாவின் வேதாகமமே பிடிக்கும். இதைச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், புராட்டஸ்டண்ட் தரப்பில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்லின. எல்லாப் பிணக்கும் அன்றோடு தீரவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது போதும்.

இரண்டு நாள் காலை ஜெபம் செய்யவில்லை. மூன்றாம் நாள் பைக்கிலிருந்து விழுந்தேன். தண்டனையா?

இல்லை, தம்பி. டயரைப் பாருங்கள். ஜெபம் மாதாமாதம் கட்டும் இன்சூரன்ஸ் பிரீமியம் அல்ல.

என் கணவர் குடிக்கிறார். என் நகையை அடகு வைத்தார். ஒவ்வொரு முறையும் அழுது, “கிருபையுள்ள தேவன் மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கக் கூடாது?” என்கிறார். நான் என்ன செய்வது?

சகோதரி, இந்த வாதம் பழையது. “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?” என்று ரோமர் 6-இல் பவுல் கேட்டு, “கூடாதே” என்று முடிக்கிறார். தீத்து 2-இல் கிருபை நமக்குப் “போதிக்கிறது” என்கிறார். மூலத்தில் அது பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதற்குரிய சொல். வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவனாக இருந்த சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனைக் கணக்குக் கேட்டவர் யாருமில்லை. இயேசு தன் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியிலேயே, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றான். உங்கள் கணவர் நாலத்தனை தர வேண்டாம். அடகுச் சீட்டையாவது மீட்டு வரட்டும்.

மன்னிப்பது வேறு, பீரோச் சாவியை மறுபடி அவர் கையில் கொடுப்பது வேறு. குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் அழைத்துப் போவது விசுவாசக் குறைவும் அல்ல. அவர் கை நீட்டுகிறார் என்றால், உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். “பொறுத்துக்கொள், கிருபை தாங்கும்” என்று உங்களை அங்கேயே இருக்கச் சொல்பவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

அப்பா சொத்தில் எனக்குப் பங்கில்லாமல் அண்ணன் கையெழுத்து வாங்கிக்கொண்டான். மன்னிக்க முடியவில்லை.

மத்தேயு 18-இல் இயேசு சொன்ன கதையில், பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஆறாயிரம் நாள் கூலி. பிரசங்கங்களில் இந்த நூறை அற்பத் தொகை என்று தள்ளிவிடுகிறார்கள். மூன்று மாதச் சம்பளம் அற்பமா? உங்கள் இழப்பு சிறியது என்று இயேசு சொல்லவில்லை. பங்கைக் கேளுங்கள், தேவையென்றால் வக்கீலையும் பாருங்கள். தொண்டையை மட்டும் விடுங்கள்.

முப்பது ஆண்டாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். போன ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவரை எல்லாரும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். இது நியாயமா?

நியாயம் இல்லைதான், அண்ணா. கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சத்தோட்டக்காரனிடம் காலையில் வந்தவர்களும் இப்படித்தான் முறுமுறுத்தார்கள். எனக்கும் அந்த எரிச்சல் வந்ததுண்டு. அப்போதெல்லாம் நான் வாசிப்பது கெட்ட குமாரனின் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததால் கோபித்து வெளியே நிற்கும் மூத்தவன் வரும் பகுதியை. அவனுக்காகவும் தகப்பன் விருந்தை விட்டு வெளியே வந்து வருந்தியழைக்கிறான். மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. சனிக்கிழமை ஒத்திகைக்கு வருவீர்கள் அல்லவா? மீதியை அங்கே பேசுவோம்.