காலையில் கணுக்கால், மாலையில் இடுப்பு

மலையூரில் ஆண்டு முழுக்க வீட்டுக்கு வெளியே என்ன செய்யலாம்? வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 19 ஆண்டுகளாகச் சிறிய மலையூர் ஒன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நடக்க, ஏற, சுற்றித் திரிய எந்த மாதம் மலைக்குப் போகலாம்? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு மாதம் சொல்லுங்கள்.

சொன்னால் எல்லாரும் அந்த மாதமே வந்து நிற்பீர்கள், எனக்கு நடக்க இடம் இருக்காது. விளையாட்டு போகட்டும். சமவெளியில் மாதம் சொன்னால் பருவம் தெரிந்துவிடும். மலையில் அப்படி இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். ஊரில் 12 டிகிரி என்று மெல்லிய சட்டையில் கிளம்புகிறவருக்கு மேலே முகட்டில் 5, 6 டிகிரி. காற்றும் அடித்தால் உடம்புக்கு அதுவும் இல்லை. போதாததற்குச் சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பது வேறு. பூமியின் வட பாதியில் தெற்கு பார்த்த சரிவுக்கு வெயில் அதிகம். தென் பாதியில் இதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். என் சமையலறை ஜன்னலில் நின்றால் எதிரெதிர்ச் சரிவுகள் இரண்டும் தெரியும். ஒன்றில் மஞ்சள் பூ பூத்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மற்றதில் பனி அசையாமல் கிடக்கும்.

அதனால் என்னிடம் யாராவது “எப்போது வரலாம்?” என்றால், “எவ்வளவு உயரம், எந்தச் சரிவு, எத்தனை மணிக்கு?” என்று திருப்பிக் கேட்பேன். மூன்றில் பெரியது கடைசிக் கேள்விதான். அது எனக்குப் புரிந்த கதை அடுத்த பதிலில் வருகிறது.

கேள்வி: பனி உருகும் வாரங்களில் மலையூர்கள் சேறும் சகதியுமாகக் கிடக்கும், வெளியே செய்ய ஒன்றுமில்லை என்கிறார்கள். அறை வாடகை குறைவாக இருக்கிறதே என்று பார்க்கிறேன். வரலாமா?

தாராளமாக வாருங்கள். எனக்குப் பிடித்த வாரங்களே அவைதான். கூட்டம் இருக்காது. அருவிகள் ஆண்டிலேயே அதிகமாகக் கொட்டுவதும் அப்போதுதான். சில ஊர்களில் மலைச்சாலையில் பனியை வாரிவிட்டு, கார்களுக்குத் திறப்பதற்கு முன் சைக்கிளையும் நடப்பவர்களையும் மட்டும் விடுவார்கள். அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவில் ‘கோயிங் டு த சன்’ என்றொரு சாலை இருக்கிறது. வசந்தத்தில் அதில் இப்படி சைக்கிள் விடுவதற்கென்றே ஆட்கள் காத்திருப்பார்கள்.

ஆனால் அந்த வாரங்களில் மணி பார்க்கத் தெரிய வேண்டும். வெயில் பட்டுப் பனி உருகுவது நண்பகலுக்கு மேல் உச்சத்துக்கு வரும். அந்தத் தண்ணீர் இறங்கி ஓடைக்கு வர இன்னும் சில மணி நேரம் பிடிக்கும். அதனால் பனி உருகி வரும் ஓடை விடியற்காலையில் இளைத்திருக்கும், சாயங்காலம் பெருத்திருக்கும். இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டுப் பல வருடம் பாடம் நடத்தியவன் நான். அப்படியும் இங்கே வந்த இரண்டாம் ஆண்டு, காலை 7 மணிக்கு ஓர் ஓடையை மூன்று கல்லில் கால் வைத்துத் தாண்டினேன். கணுக்கால்தான் நனைந்தது. மேலே போய் ஊர் சுற்றிவிட்டு மாலை 4 மணிக்கு வந்தால் அந்த மூன்று கல்லையும் காணோம். தண்ணீர் கலங்கிப் பழுப்பாக இருந்தது. அதன் இரைச்சலுக்கு அடியில் ‘லொட், லொட்’ என்று இன்னொரு சத்தம். சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது: ஓடையின் அடியில் கற்கள் உருள்கின்றன. கைக்கம்பை விட்டுப் பார்த்தேன். இடுப்பளவு இறங்கியது, கையிலிருந்து பிடுங்கவும் பார்த்தது. பாலம் 6 கிலோமீட்டர் கீழே. கையில் டார்ச் கிடையாது. வீட்டுக்குள் நுழையும்போது இரவு 9 மணி. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

அன்றிலிருந்து, போகும்போது சுலபமாகத் தாண்டிய ஓடையைத் திரும்பும்போதும் அப்படியே தாண்டலாம் என்று கணக்குப் போடுவதில்லை. முழங்கால் அளவே என்றாலும் வேகமாக ஓடும் தண்ணீர் ஆளைச் சாய்த்துவிடும். தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும்.

கெட்டிப்பட்ட பழைய பனியும் இதே கணக்குதான். இரவுக் குளிரில் இறுகியது காலை 8 மணிவரை தரை மாதிரி தாங்கும். நண்பகலில் அதே இடத்தில் கால் வைத்தால் தொடைவரை உள்ளே போகும்.

அப்புறம் சேறு. தடத்தில் சேறு இருந்தால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். ஆளுக்கு ஒரு அடி ஒதுங்கினால் இரண்டே மாதத்தில் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை ஆகிவிடும். ஓரத்துச் செடிகள் மறுபடி வர வருடக்கணக்காகும். ஷூ அழுக்காகக் கூடாது என்பவர் அன்றைக்குத் தார்ச்சாலையில் நடக்கலாம். அதிலும் தப்பில்லை.

கேள்வி: மலையில் குடை பயன்படுமா, மழைக்கோட்டுதான் வேண்டுமா?

காட்டுக்குள் குடை. முகட்டில் மழைக்கோட்டு. முகட்டுக்குக் குடையோடு போனால் குடை மட்டும் ஊர் போய்ச் சேரும்.

கேள்வி: கோடையில் மலையேற்றத்துக்குப் பதிவு செய்தோம். கைடு காலை 5 மணிக்கே கிளம்பச் சொல்கிறார். விடுமுறைக்கு வந்தவரைத் தூங்கவிடக் கூடாதா?

அந்த கைடைக் கைவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர். கோடை வெயிலில் மலைச்சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே ஏறும். காலை 10 மணிக்குப் பஞ்சுப்பொதி மாதிரி சின்னதாக ஒரு மேகம் நிற்கும். 12 மணிக்கு அது அகலத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தால், பிற்பகலில் இடிதான். பல மலைகளில் கோடை முழுக்க இது அன்றாட வழக்கம். நண்பகலுக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று ஏறுகிறவர்கள் சொல்வது இதனால்தான்.

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி மேலே ஏறக் கூடாது. ஒற்றை மரத்தடி வேண்டாம். கூட்டமாக ஒட்டிக்கொண்டும் நிற்க வேண்டாம், இடைவெளி விட்டு நில்லுங்கள்.

எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கணக்கிட ஒரு பழைய வழி உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் எழுதி வைத்தது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் 3 மணி நேரம். நல்ல உடல்வாகு உள்ளவர் நிற்காமல் நடப்பதற்கான கணக்கு இது. போட்டோ எடுக்கிறவர்கள், ஷூ லேஸ் கட்டுகிறவர்கள், பிள்ளைகள் எல்லாம் இதில் சேரவில்லை. நான் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்வேன். குழந்தைகளோடு போனால் இரண்டு மடங்கு, அதற்கும் மேல் பொறுமை.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது, முழங்கால் வலி உண்டு. மலையூருக்கு அழைத்துப்போனால் அறையிலேயே உட்கார வேண்டியதுதானா?

என் இடது முழங்காலும் உங்கள் அப்பா கட்சிதான். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை மூட்டில் வந்து விழும். கம்பிவண்டி (ரோப் கார்) இருக்கும் ஊரானால், வழக்கமாக மேலே வண்டியில் போய்க் கீழே நடந்து வருவார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள்: முடிந்த அளவு நடந்து ஏறி, இறங்க வண்டி. இரண்டு கையிலும் கம்பு கொடுங்கள், இறக்கத்தில் அவற்றின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிவையுங்கள். ஏரியைச் சுற்றி வரும் பாதை, ஓடைக்கரைப் பாதை என்று ஏற்றமே இல்லாத தடம் பெரும்பாலான மலையூர்களில் ஒன்றாவது இருக்கும்.

ஊர் 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் முழங்காலை மறந்துவிட்டுத் தலையைக் கவனியுங்கள். புதிதாக வந்தவருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்றால் அது உயரத்தின் வேலையாக இருக்கலாம். அதோடு மேலே ஏறக் கூடாது. கூடினால் கீழே இறக்கிவிட வேண்டும். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர் கிளம்புமுன் தன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். 1,000 மீட்டருக்குப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். எங்கள் தெருவில் குளிர்காலத்தில் மூக்கு உரிந்து நிற்பவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்.

கேள்வி: ஸ்கீ சறுக்கத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. பனிக்காலத்தில் எனக்கு அங்கே என்ன வேலை?

எனக்கும் தெரியாது. 19 குளிர்காலம் ஓட்டிவிட்டேன். ஸ்னோஷூ என்று ஒன்று இருக்கிறது, முறம் போன்ற அகலமான அடிப்பாகத்தை ஷூவில் மாட்டிக்கொள்வது. எடை பரவுவதால் கால் புதையாது. நடக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிடப் பழக்கம் போதும். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் நம் முறத்தை நாமே மிதித்து விழுவோம். நான் விழுந்திருக்கிறேன், அதுவும் பள்ளிக்கூட வாசலில். தட்டித் தட்டி இறுகிய பாதையில் முறம் வேண்டாம், ஷூவுக்கடியில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி போதும். சமதரை ஸ்கீக்காக இரட்டைக் கோடு போட்டு வைத்திருக்கும் தடத்தில் மட்டும் நடந்துவிடாதீர்கள். காலடிக் குழி விழுந்தால் பின்னால் சறுக்கி வருகிறவர் குப்புற விழுவார்.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும், நின்றதும் அந்த வியர்வையே குளிராக மாறும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, சூடும் தராது. உள்ளே கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பக்கம்தான் முதலில் உறையும். தலைகீழாக இருந்தால் மூடிப்பக்கம் உறையாமல் தப்பும்.

விளையாடக் கூடாத விஷயம் பனிச்சரிவு, அதாவது மலைமேல் கிடக்கும் பனி மொத்தமாகப் பெயர்ந்து கீழே பாய்வது. பெரும்பாலும் அது 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். சாய்வு குறைந்த இடத்தில் நடந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே அப்படியொரு செங்குத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் 1993 முதல் அபாயத்தை 1 முதல் 5 வரை எண் போட்டு அறிவிக்கிறார்கள். 5இல் யாரும் வெளியே போவதில்லை. 3 என்று போட்ட நாளில்தான் ‘நடுத்தரம்தானே’ என்று போய்ப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். உறைந்த ஏரியும் அப்படித்தான். ஒருவர் நடக்கத் தெளிவான பனிக்கட்டி 10 சென்டிமீட்டராவது வேண்டும் என்பார்கள். வெள்ளையாகக் கலங்கிய கட்டிக்கு அதில் பாதி பலம்தான். துளை போட்டு அளந்தவர் சரி என்று சொல்லாமல் நான் கால் வைப்பதில்லை.

கேள்வி: வேலை மாற்றலாகி மலையூருக்கு வந்திருக்கிறேன். இலை உதிர்ந்துவிட்டது, பனி இன்னும் விழவில்லை. நான்கரை மணிக்கே இருட்டுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

எனக்கும் முதல் ஆண்டு பிடித்தது. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, ஊரெல்லாம் மூடுபனியில் சாம்பலாகக் கிடக்கும் காலையில் மேலே ஏறிப் பாருங்கள். காற்றில்லாத நாட்களில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். அந்த மூடியைத் தாண்டினால் வெயில். காலுக்குக் கீழே மேகம் சமுத்திரமாகக் கிடக்கும், அக்கம்பக்க மலையுச்சிகள் தீவுகளாக நிற்கும். சில நாள் 300 மீட்டர் ஏறினாலே போதும். நிழலில் உதிர்ந்த இலைமேல் உறைபனி இருந்தால் மட்டும் வாழைப்பழத்தோல் மாதிரி வழுக்கும், பார்த்து.

இரண்டு, சீக்கிரம் இருட்டுவதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் 13, 14 இரவில் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் இருக்கும். சாய்வு நாற்காலியும் கம்பளியும் எடுத்துக்கொண்டு தெருவிளக்கு படாத இடத்துக்குப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் போன் திரையை ஒரு தடவை பார்த்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கேள்வி: போனிலேயே வரைபடம் இருக்கிறது. காகித வரைபடம் எதற்கு?

போன் குளிரில் திடீரென்று அணைந்துவிடும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது அடுத்த நிமிடம் கறுப்புத் திரையாக நிற்கும். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் நிறைய நேரம் தாங்கும். அதையும் செய்யுங்கள், காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தடத்தில் போகிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நான் எழுதுவது குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும். அந்த ஓடைக்குப் பிறகு, எழுதாமல் செருப்பை மாட்ட எனக்கு அனுமதி இல்லை.