முதலில் இறங்கப் பழகுங்கள்

கேள்வி: நானும் நண்பர்களுமாக ஐந்து பேர், மூன்று பைக்கில், மூன்று நாள் மலையகம் சுற்றிவர நினைத்திருக்கிறோம். முதல் நாள் செங்கலடி, பிபிலை, பதுளை வழியாக நுவரெலியா. இரண்டாம் நாள் கண்டி. மூன்றாம் நாள் 18 வளைவால் இறங்கி, மகியங்கனை, மகாஓயா வழியாக வீடு. நான் ஓடுவது மாமாவின் பெயரில் உள்ள பல்சர் 150. ஒருவனிடம் டிஸ்கவர், இன்னொருவனிடம் டியோ. இதுவரை நான் பைக்கில் போன தூரம் திருகோணமலைதான். மலை ஏற்றத்தில் இரண்டு பேரை வைத்து பைக் இழுக்குமா என்பதுதான் பெரிய யோசனை. மேலதிக லைட், பின்பெட்டி, கிராஷ் கார்ட் வாங்கக் கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. பஸ்ஸில் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்படலாமா?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: இழுக்கும் தம்பி. அந்த யோசனையை விடுங்கள். வெலிமடைப் பக்கம் போய்ப் பாருங்கள், பின்னால் மரக்கறி மூட்டை கட்டிய 100 சீசீ பைக்குகள் எந்த அலட்டலும் இல்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் காபரேற்றர் பைக் கொஞ்சம் மந்தமாகும், புகையும் கறுக்கலாம். "ஸ்குரூவை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் சரி" என்று யாராவது சொல்வார்கள். தொட விடாதீர்கள். கீழே இறங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

நீங்கள் யோசித்திருக்க வேண்டியது இறக்கத்தைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. களுவாஞ்சிகுடியில் பைக் பழகியவருக்கு ஏற்ற இறக்கம் என்றால் பட்டிருப்புப் பாலம், மிஞ்சினால் கல்லடிப் பாலம். நம் ஊரில் பிரேக் என்பது நிறுத்துவதற்கான சாமான். இரண்டு செக்கன் பிடிப்போம், விடுவோம், காற்றில் ஆறிவிடும். மலையில் இறங்கும்போது அரை மணி நேரம் தொடர்ந்து பிடித்தபடி வருவீர்கள். ட்ரம் பிரேக் சூடாகி விரிய, உள்ளே இருக்கும் சூ அதைக் கவ்வும் பலம் குறைந்துகொண்டே போகும். முதலில் கருகிய வாசம் வரும். பிறகு கால் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். டிஸ்க் என்றால், பிரேக் ஒயில் பழையதாக இருந்து ஈரம் ஏறியிருந்தால், அந்தச் சூட்டில் ஈரம் கொதித்து ஆவியாகும். அப்போது கைப்பிடியோடு லீவர் வந்து முட்டும், பைக் மட்டும் நிற்காது.

இப்போது உங்கள் திட்டத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள், உடம்பு அலுத்து, வீட்டு நினைப்பு வந்த நேரத்தில், பின்னால் ஆளும் பையும் ஏற்றிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கும் 18 வளைவை இறங்கப் போகிறீர்கள். மலையில் முதல் தடவை ஓடுகிறவருக்கு இதைவிடக் கஷ்டமான ஒழுங்கை நினைத்தாலும் போட முடியாது.

அதனால் பயணத்தை அப்படியே தலைகீழாக்குங்கள். முதல் நாள் செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, அங்கிருந்து 18 வளைவை ஏறிக் கண்டி. ஏறும்போது வேகம் தானாகக் குறையும், தவறு செய்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். மலை வளைவு எப்படி இருக்கும் என்று கண்ணும் கையும் பழகிக்கொள்ளும். இரண்டாம் நாள் விடியவே கண்டியை விட்டுக் கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா. மதியச் சாப்பாட்டை அங்கே முடித்து, மந்தாரம் கட்டுமுன் ஹக்கலை, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறங்கி இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் பசறை, லுணுகலை, பிபிலை. இதிலும் இறக்கம் உண்டு, பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் கவனமாகத்தான் வர வேண்டும். ஆனால் இறக்கம் முழுவதும் ஒரே இடத்தில் குவியாமல், ஒன்றரை நாளுக்குப் பரவிவிடும். நுவரெலியாக் குளிரில் ஒரு இரவு படுக்காமல் என்ன பயணம் என்று உங்கள் கூட்டாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் நாலு நாள் ஆக்குங்கள். மூன்று நாளுக்குள் அதையும் திணிக்க வேண்டாம்.

கண்டிக்கும் செங்கலடிக்கும் இடையில் நீங்கள் போட்டிருக்கும் வட்டத்தில் பெரும்பகுதி ஏ5 வீதி. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை எல்லாம் தாண்டி நம் செங்கலடியில்தான் வந்து முடிகிறது.

இறங்குவதற்கு ஒரே விதி: பாரத்தோடு எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். பிரேக் என்பது வளைவுக்கு முன்னால் கொஞ்சம் குறைப்பதற்கு மட்டும். அழுத்திப் பிடித்து விடுங்கள். தடவிக்கொண்டே வர வேண்டாம், தடவினால்தான் சூடேறும். வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்து முடித்திருக்க வேண்டும், உள்ளே போனபின் முன்பிரேக்கைப் பிடித்தால் ஈர வீதியில் விழுவீர்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இதை ஊரிலேயே பழகலாம். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போங்கள், வயல் நடுவே வெறிச்சோடிய வீதி. மூன்றாம் கியரில் 50இல் போய், அக்சிலேற்றரை விட்டு, இரண்டாம் கியருக்கு இறக்கி, பிரேக் தொடாமல் எங்கே வந்து தளர்கிறது என்று பாருங்கள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு திரும்பவும் செய்யுங்கள், எவ்வளவு தள்ளிப் போகிறது என்று தெரியும். அது கைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழுப் பாரத்தோடு, மூன்று பைக்கும் சேர்ந்து லுணுகலை வரை போய்த் திரும்புங்கள். யாருக்கு முதுகு நோகிறது, எந்தப் பை சரிகிறது, யார் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

டியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கூட்டருக்குக் கியர் இறக்கும் வசதி கிடையாது. எஞ்சின் பிடிப்பு குறைவு. வேகம் நன்றாகக் குறைந்தால் கிளச் விட்டுவிடும், பிடிப்பு அறவே இருக்காது. முழுப் பாரமும் இரண்டு ட்ரம் பிரேக்கின் மேல் விழும். ஸ்கூட்டரில் மலையகம் போகவே முடியாது என்று நான் சொல்லவில்லை, அங்கே எத்தனையோ பேர் ஓடுகிறார்கள். ஆனால் டியோவில் ஒருவர் மட்டும் போகட்டும், பைகளையும் மற்ற பைக்குகளில் கட்டுங்கள். இறக்கத்தில் இடையிடையே நிறுத்தி ஆறவிடுங்கள். தேநீர் குடிக்க நல்ல சாட்டு. நீங்கள் ஐந்து பேர் என்பதால் கணக்கும் சரியாக வருகிறது. டியோவை முன்னுக்கு விடுங்கள், அதன் வேகத்துக்கு மற்ற இரண்டும் வரட்டும். பின்னால் விட்டால் அவர் எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், அதுதான் ஆபத்து.

இனி பைக். சேர்விஸைப் புறப்படுவதற்கு முதல் நாள் செய்யாமல் இரண்டு கிழமைக்கு முன்பே செய்யுங்கள். கராஜில் இறுக்காமல் விட்ட நட்டு ஊருக்குள்ளேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் சூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். முன் டிஸ்க்கின் ஒயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. பூ இன்னும் இருக்கிறதே என்று பழைய ரயரை நம்பாதீர்கள், இறுகிப்போன ரப்பர் ஈரத்தில் பிடிக்காது. பின்னால் ஆள் ஏற்றினால் பின் ரயருக்குக் காற்று கூட வேண்டும், அளவு பைக்கிலேயே ஒட்டியிருக்கும். செயினை இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்த நிலையில் பாருங்கள். வெறும் பைக்கில் சரியாக இருப்பது பாரத்தில் விறைத்துவிடும்.

கடற்கரை ஊர்க்காரருக்கு மேலதிகமாக ஒன்று. உப்புக் காற்றில் கேபிள்கள் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கிளச் கேபிள் லீவரில் கொழுவும் இடத்தில் கம்பியை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓர் இழை நிமிர்ந்து குத்தினாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒரு புதுக் கேபிள் வாங்கி, பழையதன் பக்கத்திலேயே அதே பாதையில் ஓட்டி, டேப்பால் சுற்றி விட்டுவிடுங்கள். வழியில் அறுந்தால் டாங்கைக் கழற்ற வேண்டியதில்லை, இரண்டு முனையையும் மாற்றிக் கொழுவிக்கொண்டு போகலாம்.

குளிரைக் குறைவாக எடைபோட வேண்டாம். நுவரெலியாவில் இரவு 10 பாகைக்கு வரும், சில மாதங்களில் அதற்கும் கீழே. நனைந்த கையோடு அந்தக் காற்றில் பத்து நிமிடம் ஓடினால் விரல் மரத்து, பிரேக்கை எவ்வளவு பிடிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். ஆகவே கையுறை ஆளுக்கு இரண்டு சோடி, ஒன்று நனைந்தால் மாற்ற. ஜக்கெற்றுக்கு உள்ளே நெஞ்சோடு பழைய பத்திரிகைத் தாள் நாலைந்து வைத்தால் காற்று ஏறாது, காசும் இல்லை. மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

செங்கலடியிலிருந்து மகாஓயா வரை வீதி நேராக, நன்றாக இருக்கும். அதுதான் முறுக்கச் சொல்லும். கரடியனாறு தாண்டிப் புல்லுமலைப் பக்கம் யானை உண்டு. ஆகவே விடியுமுன் அந்தப் பக்கம் போக வேண்டாம். செங்கலடியில் டாங்கை நிரப்பி, தேநீர் குடித்து, நன்றாக வெளிச்சம் வந்தபின் திரும்புங்கள். வரும்போதும் இருட்டுமுன் அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும். அறுவடை நேரமென்றால் வீதியில் நெல் காயும், அதன் மேல் பிரேக் பிடித்தால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று போகும்போது முகத்திலேயே அடிக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

காலம் எது என்று நீங்கள் எழுதவில்லை. பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சும் நல்லது. ஏப்ரலில் நுவரெலியாவில் சனம் தாங்காது, பின்னேரங்களில் இடிமழையும் வரும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வேண்டவே வேண்டாம். பதுளையும் நுவரெலியாவும் மண்சரிவு மாவட்டங்கள், 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் படுத்திய பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். எந்த மாதமானாலும் முதல் நாள் இரவு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேட்கலாம்.

சேர்த்த காசுக்கு வருவோம். லைட் வேண்டாம், இருட்டில் ஓடப்போவதில்லையே. பின்பெட்டியும் வேண்டாம், பாரத்தைப் பின்னுக்கும் மேலுக்கும் தள்ளும். பையை இருக்கையோடு ஒட்டிக் கட்டினால் போதும், கயிற்றின் நுனி தொங்கிச் சில்லுக்குள் போகாமல் பாருங்கள். கண்டியில் சொந்தக்காரருக்குத் தயிர்ச் சட்டி கொண்டுபோகச் சொல்லி வீட்டில் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். கிராஷ் கார்ட் விருப்பமென்றால் போடுங்கள். முதலில் ரயர், பிரேக் சூ, பின்னால் இருப்பவருக்கும் அளவான ஒரு நல்ல ஹெல்மட், மழைக் கோட், கையுறை. மிஞ்சினால் பார்ப்போம்.

அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள். ஒழுக்கப் பாடம் எடுக்கவில்லை, நடைமுறையைச் சொல்கிறேன். லுணுகலைக்கும் பிபிலைக்கும் நடுவில் ஒன்று நடந்து, 1990 அம்புலன்ஸ் வந்து, யாரோ உங்கள் போனிலிருந்து வீட்டுக்கு எடுக்கும்போது, பஸ்ஸில் போன மகன் பைக்கில் விழுந்தான் என்றா அவர் கேட்க வேண்டும்? எந்த நாள் எங்கே தங்குகிறீர்கள், எந்த ஊரில் நிறுத்திப் போன் எடுப்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பதியத்தலாவையில் ஒன்று, மகியங்கனையில் ஒன்று, வளைவு ஏறி முடித்ததும் ஒன்று. சொன்னபடி எடுங்கள்.

மாமாவையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் பயண நாட்களுக்குள் முடிகிறதா பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் பைக்குக்கு வரும் சேதம் உங்கள் தலையில்தான், அதையும் அவரிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். பைக்கைத் தந்ததாக ஒரு கடிதமும் அவரது அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருந்தால் வழியில் பொலிஸ் மறித்தாலும் பேச்சு குறையும். அவர் சம்மதித்த பிறகு அவரையும் கூட்டிக்கொண்டே அம்மாவிடம் போங்கள். லுணுகலை வரை ஒரு நாள் போய் வந்ததையும் மாமா வாயாலேயே சொல்ல வையுங்கள்.